சேறு மறப்பதில்லை

கடலில் எதைக் கொட்டினாலும் கரைந்துவிடும் என்று நமக்கு ஒரு நினைப்பு. பாதரசம் போன்ற கன உலோகம் அப்படிப் போகாது. வண்டலோடு ஒட்டி அடியில் படிந்துவிடும். அங்கே காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற நஞ்சாக மாற்றிவிடும். அது மீனில் ஏறி, மீன் வழியாக நம் தட்டுக்கு வரும்.

ஜப்பானின் மினமாட்டாவில் 1932 முதல் 1968 வரை ஓர் ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அங்கே ஆலைக்குள்ளேயே மெத்தில் பாதரசம் உருவாயிற்று. பாக்டீரியாவுக்கு அந்த வேலைகூட மிச்சம்! மீன் தின்ற பூனைகள் தள்ளாடிச் செத்தன. பிறகு மனிதர்கள். ஆலை நிறுத்தியும் சேறு அங்கேயே கிடந்தது. அதைத் தோண்டி, மூடி முடிக்க 1990 ஆயிற்று. விஷமீன் வெளியேறாமல் 1974-இல் கட்டிய வலையை 1997-இல்தான் அவிழ்த்தார்கள்.