நீறு பூத்த நெருப்பில் ஒரு தேயிலை



திருவனந்தபுரத்தில் கடை முன்னால் நின்று நாம் கேட்பது சாயா. அதற்கான தூளைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கும்போது கேட்பது தேயிலை. இரண்டுமே சீனத்து வேர் கொண்ட சொற்கள். 'சா' அந்நாட்டின் பெரும்பகுதியில் வழங்குவது. 'தே' ஃபூஜியான் கடற்கரைப் பேச்சு; அதனோடு நம் இலை சேர்ந்து தேயிலை ஆயிற்று. கரிநெருப்பில் வாட்டும் ஊலோங் தேயிலைக்குப் பேர்போன வூயி மலையும் அதே ஃபூஜியானில்தான் இருக்கிறது. பெயர் இவ்வளவு தூரம் வந்தும் அந்தச் சுவை நம்மிடம் வந்து சேரவில்லையே என்பது என் குறை.

நம் பொன்முடி மலைச் சரிவில் நிற்பதும் வூயியின் அதே இனச் செடிதான். வேறுபாடு பறித்த பிறகு வருகிறது. ஊலோங்குக்கு இலையை வாடவிட்டு, மூங்கில் தட்டில் குலுக்குவார்கள். ஓரம் கசங்கிச் சிவக்கும். நடு பச்சையாகவே இருக்கும். அந்தப் பக்குவத்தில் சூடான வாணலியில் போட்டுப் புரட்டினால் சிவப்பு அதற்கு மேல் பரவாது. பிறகு உருட்டி உலர்த்துவார்கள்.

இனிமேல்தான் கரிக்கு வேலை. கரியை முழுக்கக் கனலவிட்டு, புகை அடங்கியதும் மேலே உமிச்சாம்பலைப் போர்த்துவார்கள். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதேதான். அதன்மேல் உடுக்கை போல இடை சிறுத்த மூங்கில் கூடை, இடையில் ஒரு சல்லடை, சல்லடைமேல் இலை. சாம்பலை ஒரு கை கூட்டினால் சூடு தணியும், விலக்கினால் ஏறும். கைதேர்ந்தவர் கூடையின் பக்கத்தில் புறங்கையை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார். நம் ஊரில் சிரட்டைக்கரிப் பெட்டியால் துணி தேய்ப்பவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். இலையைக் கிளற வேண்டுமானால் கூடையை நெருப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் கிளறுவார்கள். துகள் கனலில் விழுந்தால் புகைந்துவிடும். பல மணி நேரம் வாட்டி, சில வாரம் ஆறவிட்டு, மறுபடி வாட்டுவதும் உண்டு.

கரி என்றதும் புகைவாடை அடிக்கும் என்று நினைக்காதீர்கள். பைன் விறகுப் புகையூட்டிய லாப்சாங் சூச்சோங் அதே மலையில் பிறந்த வேறு தேயிலை. நல்ல ஊலோங்கில் புகை வாடை வந்தால் அது குற்றம். வர வேண்டியது வறுத்த கடலையின் மணம், கருப்பட்டிப் பாகு முற்றும்போது தட்டும் இளங்கசப்பு, மழை நனைத்த பாறையின் வாசம். விழுங்கிய பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல் தொண்டையில் ஒரு தித்திப்பு ஊறும். எனக்கு அதுதான் இதன் உச்சம்.

வூயியில் டா ஹோங் பாவோ என்ற பெயர்பெற்ற ஊலோங் தேயிலையின் தாய்ச்செடிகள் ஒரு பாறை முகப்பில் நிற்கின்றன. 2006 முதல் அவற்றில் இலை பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். சீனாவின் மரபுவழித் தேயிலைப் பக்குவங்களை 2022இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

என்றாவது இந்த ஊலோங் இலை கையில் கிடைத்தால் பாலும் சர்க்கரையும் வேண்டாம். நூறு மில்லி பிடிக்கும் சின்னப் பாத்திரத்தில் ஏழு கிராம் போட்டு, தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி, பத்துப் பதினைந்து விநாடியில் வடித்துவிடுங்கள். அதே இலை ஆறேழு முறை தாங்கும். முதல் வாயிலேயே முடிவு சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் முறை ஊற்றியதையும் குடித்துப் பாருங்கள்.