தாய்மார் பாட்டை எழுதி வைப்போம்
(பதுளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரை நாம் நன்கறிவோம். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரை எத்தனை பேர் அறிவோம்? தொழிலாளர் கூட்டங்களிலே, தாமே இயற்றிய பாட்டுக்களைப் பாடி மக்களைத் திரட்டியவர் அவ்வம்மையார். எழுத்தறியும் வாய்ப்பற்றோர்க்கு அப்பாட்டே பத்திரிகை. 1940 ஆம் ஆண்டில் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் அவர் பாட்டுக்கள் நூலாயின. அதே ஆண்டில்தான் நம் பதுளை வெவெஸ்ஸைத் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்.

அச்சேறியதால் அன்றோ அவ்வம்மையார் குரல் இன்றும் நிற்கிறது! நம் வீட்டுத் தாய்மார் நிலை என்ன? லயத்துக் காம்பிராவில் தொட்டில் ஆட்டியும், மலையில் கொழுந்து பறித்தும், இழவு வீட்டில் அழுதும் அவர்கள் கட்டிய பாட்டுக்கள் எத்தனை! அவர்கள் மறைய, பாட்டும் மறைந்தது.

சட்டம் பயின்ற நாம் ஒன்று சொல்வோம். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் பிறந்த மண்ணைக் கேட்டது. தாய் பிறந்த மண்ணைக் கேட்கவில்லை. நம்மவர் பல இலட்சம் பேர் நாடற்றோர் ஆயினர். பிறப்பைக் காட்டப் பத்திரமின்றித் தவித்தோர் பலர். சட்டம் மறந்த தாயை நாமும் மறக்கலாமா?

பசறை, லுணுகலை, ஹாலி எல, பண்டாரவளை இளைஞர்களே! அன்னையின் அருகில் அமருங்கள். அவர் பாடுவதை, அவர் பெயருடனும் தோட்டத்தின் பெயருடனும் எழுதி வையுங்கள். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்பதோடு, இப்பாட்டின் ஆசிரியர் என்றும் அவரை நாடு அறியட்டும்.