மெஷின் கொடுத்தா போதுமா? கூட நின்னு சொல்லித்தர ஆள் வேண்டாமா?

(பழையசீவரம் கிளைக் கூட்டத்தில் ஐ.டி. விங் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாலாத்துக்கு அந்தக் கரையில, திருமுக்கூடல் பெருமாள் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. வீரராஜேந்திர சோழன் காலம், 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கையோட ஒரு ஆதுலசாலை அங்கே நடந்திருக்கு. வைத்தியர்ல இருந்து மூலிகை கொண்டு வர்றவங்க, நோயாளியைப் பார்த்துக்குற பெண்கள் வரைக்கும், யாருக்கு என்ன வேலை, எவ்வளவு நெல்லு கூலின்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க.

இன்னிக்கு மருத்துவம் நம்ம வாசலுக்கே வருது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அது. 2024ல் ஐ.நா. விருதும் வாங்கியது. வீடு வீடா வர்றவங்க யாரு? மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து வந்த நம்ம அக்கா, தங்கச்சிங்க தான்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். ஒரு கருவி காட்டுற நம்பர் சரியா இருக்கணும்னா, அதைப் பயன்படுத்துற முறை சரியா இருக்கணும். பிரஷர் பார்க்கும் முன்னாடி 5 நிமிஷம் அமைதியா உட்காரணும். முதுகு சாய்ஞ்சிருக்கணும். கை இதய மட்டத்துல இருக்கணும். பேசக் கூடாது. கை கீழே தொங்கினா நம்பர் ஏறிடும். வேகாத வெயில்ல நடந்து வந்த பாட்டிக்கு உடனே பட்டை கட்டினாலும் அதே கதை தான். தப்பான நம்பரை ஆப்பில் ஏத்தினா, அது சுத்தமா பதிவான தப்பு. அவ்வளவு தான்!

இதை ஒரு நாள் வகுப்புல சொல்லி முடிச்சிட முடியாது. மகாராஷ்டிராவின் ஜாம்கெட்டில் 1970ல் டாக்டர் ராஜ் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதி பணியைத் தொடங்கினாங்க. பள்ளிக்கூடமே போகாத கிராமத்துப் பெண்களையும் சுகாதாரப் பணியாளரா ஆக்கினாங்க. எப்படி? வாரா வாரம் கூப்பிட்டு உட்கார வச்சு, ஊர்ல பார்த்த நோயைப் பத்திப் பேசிப் பேசியே சொல்லிக் கொடுத்தாங்க.

மேற்பார்வைன்னா நோட்டைப் பார்த்து ‘டார்கெட் ஏன் குறைஞ்சுது’ன்னு அதட்டுறது இல்ல. பக்கத்துல நின்னு கையைத் திருத்துறது. ஆனா சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அங்கிருக்குற கிராம சுகாதார செவிலியருக்கு கர்ப்பிணிகள், தடுப்பூசின்னு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை. அவங்களையும் குறை சொல்லி என்ன பயன்?

அதனால நாம கேட்க வேண்டியது மூணு:

1. தன்னார்வலருக்கு மாதாமாதம் செய்முறைப் பயிற்சி.
2. மாதம் ஒரு நாளாவது செவிலியர் அவங்களோட வீடு வீடா நடக்க நேரம். அதுக்கு ஏத்த ஆள் பலம்.
3. அவங்க அனுப்பின நோயாளிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல என்ன ஆச்சுன்னு அவங்களுக்கே திரும்பச் சொல்லணும். அது தான் பெரிய பாடம்.

ஊக்கத்தொகை தேதி தவறாம வரணும்னு தனியா சொல்லணுமா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கூலியைக் கல்லுல எழுதின மண்ணு இது!

தோழர்களே, அக்டோபர் 2 கிராம சபைக்கு வாங்க. உங்க தெரு தன்னார்வலரையும் கூட்டிட்டு வாங்க. அவங்க பேசட்டும், தீர்மானத்துல எழுத வைப்போம். ஷேர் பண்ணுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. நேர்ல வாங்க!



#கிராமசபையில்_கேட்போம்