விழித்திரை விலகினால் எந்த ஆபரேஷன்?

(வானவடியில் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, சர்க்கார் ஃபைல்களோடு குப்பை கொட்டியவன். இன்று பேசப்போகும் விஷயத்தை எனக்குக் கற்பித்தது என் இடது கண்.

போன வருஷம் ஆவணி அவிட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல் அடித்தது. கொசு மாதிரிக் கரும்புள்ளிகள் மிதந்தன. காடராக்ட் ஆபரேஷன் ஆன கண்ணாயிற்றே, அதனால்தான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பூணூல் மாற்றி, மறுநாள் காயத்ரி ஜபமும் ஆயிற்று. ஐந்தாம் நாள் மூக்குப் பக்கம் கீழிருந்து ஒரு கறுப்புத் திரை எழும்பி வந்த பிறகுதான் டாக்டரிடம் ஓடினேன். அதற்குள் நடுப்பார்வைக்கு ஆதாரமான மாகுலாவும் பிரிந்துவிட்டது.

விழித்திரையில் கிழிசல் விழுந்தால், கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே பின்னால் கசிந்து, சுவரில் ஒட்டிய காகிதத்தை உரிப்பதுபோல் உரித்துவிடுகிறது. கிழிசலை அடைத்தால்தான் குணமாகும் என்று நிரூபித்தவர் ஸ்விட்சர்லாந்தின் ஜூல் கோனான். அடைப்பதற்கு இன்று மூன்று வழிகள்.

பழையது, ‘பக்கிள்’. கண்ணின் வெளிச்சுவரில் சிலிகோன் பட்டை தைத்து, சுவரையே உள்ளே அழுத்தித் திரையோடு சேர்ப்பது. இதை அமெரிக்காவில் பரப்பிய ஷெபன்ஸிடம் பாஸ்டனில் பயின்றவர்தான், 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய நம் டாக்டர் பத்ரிநாத். சிறு வயதினருக்கு இன்றும் இதைத்தான் பெரும்பாலும் முதலில் யோசிக்கிறார்கள்.

இரண்டாவது, 1970-களில் மாக்கெமர் கொண்டுவந்த விட்ரெக்டமி. நுண்ணிய துளைகள் வழியே உள்ளிருக்கும் ஜெல்லியை எடுத்துவிட்டு, லேசர் வைத்து, வாயுவோ சிலிகோன் எண்ணெயோ நிரப்புவார்கள். எண்ணெய் என்றால் பின்னால் எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும்.

மூன்றாவது, ஊசியால் வாயுக்குமிழி மட்டும் செலுத்தி, கிழிசலை லேசராலோ உறைய வைத்தோ ஒட்டுவது. செலவு குறைவு. ஆனால் குமிழி மேலேதான் போகும். ஆகவே மேல்பாதிக் கிழிசலுக்குத்தான் சரிப்படும். தலையையும் சொன்ன நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். 2019-ல் வெளியான டொரொண்டோ ஆய்வில், இதற்குப் பொருத்தமான கண்களில் முதல் முயற்சியிலேயே திரை ஒட்டியது நூற்றுக்கு 81 பேருக்கு. விட்ரெக்டமியில் 93 பேருக்கு. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்வை சற்றுத் தெளிவாகவும், கோணல் குறைவாகவும் இருந்தது ஊசிக்காரர்களுக்குத்தான்!

“இதில் எது ஒசத்தி, டாக்டர்?” என்று கேட்டேன். கிழிசல் எங்கே, எத்தனை என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். எனக்கு மூன்று கிழிசல்கள், தள்ளித் தள்ளி. விட்ரெக்டமிதான் என்று முடிவாயிற்று.

உள்ளே வைத்த வாயு கரைய ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை விமானம் கூடாது. பாயில் விதியை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே அழுத்தம் குறைந்தால் குமிழி பெருக்கும், கண்ணில் அழுத்தம் ஏறும். சென்னையில் பேத்தியின் சீமந்தத்துக்குப் போக முடியவில்லை. புனேயே சுமார் 560 மீட்டர் உயரம். மும்பையில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள், போர் காட் ஏறித் திரும்பலாமா என்று டாக்டரைக் கேட்காமல் காரில் உட்காராதீர்கள்.

திரை ஒட்டிவிட்டது. ஜன்னல் கம்பிகள் மட்டும் இடது கண்ணுக்கு இன்னும் வளைந்தே தெரிகின்றன. மின்னல் அடித்த அன்றே போயிருந்தால் ஒருவேளை லேசரோடு முடிந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போது பஞ்சாங்கம் பார்ப்பதெல்லாம் வலது கண்ணால்தான்.