மஞ்சளுக்கு அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

மளிகைக் கடைக்குப் போறீங்க. இரண்டு சாக்கில் விரலி மஞ்சள் இருக்கு. ஒன்று தோலோடு, மண் நிறத்தில், கொஞ்சம் சுருங்கிப்போய் இருக்கு. இன்னொன்று நல்ல பளீர் மஞ்சள், தேய்த்து மெருகேற்றினது. விலை ஒன்றுதான். எதை எடுப்பீங்க?

நான் பளீர்னு இருக்கிறதைத்தான் எடுப்பேன். பெரும்பாலானவர்களும் அப்படித்தான். வங்கதேசத்தில் பல வருஷமாக மக்கள் இப்படித் தேர்ந்தெடுத்ததோட விளைவு, கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் போய் நின்றது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

வங்கதேசக் கிராமங்களில் 430 கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 31 சதவீதம் பேருக்கு ஈய அளவு ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு அது. ஆச்சரியம் என்னன்னா, இவர்கள் தொழிற்சாலைப் பகுதியில் வாழ்கிறவர்கள் இல்லை. சுற்றிலும் வயல்தான். அப்போ ஈயம் எங்கிருந்து வந்தது?

அதற்கு முன்னால் ஒரு விளக்கம். ஈயம் என்றதும் பாட்டி ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஞாபகம் வரும். அந்தச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. நாம் பேசுவது காரீயம், அதாவது பேட்டரிக்குள் இருக்கிற உலோகம். இரண்டும் வேறு வேறு.

காரீயத்தால் நம் உடம்புக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனால் உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்துவிடுகிறது. எலும்பிலும் பல்லிலும் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கிறது. ரத்தத்தில் இருக்கிற ஈயம் சில மாதங்களில் குறைந்துவிடும். எலும்பில் சேர்ந்தது பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். ஒரு பெண் கர்ப்பமாகும்போது, குழந்தைக்குக் கால்சியம் கொடுக்க அவள் எலும்பு கரைகிறது இல்லையா, அப்போது பழைய ஈயமும் சேர்ந்து ரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. அது நேராகக் குழந்தையிடம் போகிறது.

குழந்தையின் மூளை வளர்கிற நேரம் அது. அங்கே ஈயம் புகுந்தால் அறிவுத்திறன் குறையும், கவனம் சிதறும், படிப்பு பின்தங்கும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடும், இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். இதில் கொடுமை, குறைந்த அளவில் எந்த அறிகுறியும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ‘பையன் கொஞ்சம் மந்தம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். மிக அதிகமாக ஏறிப்போனால் ரத்தத்திலிருந்து ஈயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. ஆனால் மூளை இழந்ததை அந்த மருந்தால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஈயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று ஒரு அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, கதைக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும், டாக்காவில் இருக்கிற ஐ.சி.டி.டி.ஆர்.பி. என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து துப்புத் துலக்க இறங்கின. ஜென்னா ஃபோர்சைத் என்ற ஆய்வாளர் இதில் முக்கியமானவர். பூச்சிமருந்தா, உணவு டப்பாக்களின் பற்றவைப்பா, மண்ணா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஈயத்துக்கு ஒரு வகைக் கைரேகை உண்டு. எந்தச் சுரங்கத்திலிருந்து வந்ததோ அதைப் பொறுத்து அதன் ஐசோடோப்புகளின் விகிதம் மாறும். பெண்களின் ரத்தத்தில் இருந்த கைரேகை எதோடு பொருந்தியது தெரியுமா? சமையலறை மஞ்சளோடு.

மஞ்சளில் சேர்க்கப்பட்டது லெட் குரோமேட். பளிச்சென்ற மஞ்சள் நிறமி, பெயின்ட்டில் போடுவது. சாலையில் மஞ்சள் கோடு போடவும் பயன்பட்டது. சில மாதிரிகளில் ஈயம் அந்த நாட்டின் வரம்பைப் போல 500 மடங்கு வரை இருந்தது. மஞ்சள் அதிகம் விளையும் ஒன்பது மாவட்டங்களில் ஏழில் இந்தக் கலப்படத்துக்கு ஆதாரம் கிடைத்தது.

யார் இதை ஆரம்பித்தது? ஆலைக்காரர்களிடமும் வியாபாரிகளிடமும் பேசியபோது, 1980களில் வந்த ஒரு பெரிய வெள்ளத்தைச் சொன்னார்கள். மஞ்சள் நனைந்து நிறம் மங்கிப்போனது. மங்கிய மஞ்சளை யாரும் வாங்கவில்லை. அதைச் சரிக்கட்ட யாரோ நிறமியைத் தூவினார்கள். மஞ்சள் விற்றது. வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. அதைக் கையாண்ட பலருக்கு அது மூளையைத் தொடும் நஞ்சு என்றே தெரியாது. வாங்குகிறவர்கள் பளபளப்பைக் கேட்டார்கள், விற்கிறவர்கள் பளபளப்பைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

இதுவரை சோகக் கதை. இந்த எபிசோடை நான் எடுத்ததற்குக் காரணம் இனிமேல்தான் வருது.

2019ல் ஆய்வு முடிவுகள் வெளியாகி, பெரிய செய்தியாயின. வங்கதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் களத்தில் இறங்கியது. சந்தைகளில் எச்சரிக்கை நோட்டீஸ்கள் ஒட்டினார்கள். டாக்காவின் ஷ்யாம்பஜார் மொத்தச் சந்தைக்கு, ஈயத்தை அங்கேயே அளந்து காட்டும் எக்ஸ்ரே கருவியோடு போனார்கள். மாட்டிய இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு 8 லட்சம் டாக்கா அபராதம். செய்தி சந்தை சந்தையாகப் பரவியது.

2019ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021ல் அது பூஜ்யம். ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் இருந்த ஈயமும் சுமார் 30 சதவீதம் குறைந்தது. பல பத்தாண்டுப் பழக்கம் இரண்டே வருஷத்தில் போய்விட்டது. இதற்குப் புது மருந்தோ, பெரிய கண்டுபிடிப்போ தேவைப்படவில்லை. அளந்தார்கள், சொன்னார்கள், சட்டத்தை அமல்படுத்தினார்கள்.

‘நம்ம ஊர்ல?’ன்னு கேட்பீங்க. 2024ல் வெளியான ஒரு ஆய்வு தெற்காசிய நகரங்களின் மஞ்சளைச் சோதித்தது. பெரும்பாலான மாதிரிகள் நல்லபடியாகவே இருந்தன. ஆனால் பாட்னா, குவாஹாட்டி, கராச்சி, பெஷாவர் போன்ற இடங்களில் ஈயம் மிக அதிகம். அதனால் நாளையிலிருந்து மஞ்சளே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். ஆனால் சில விஷயங்களை மனசுல வச்சுக்கோங்க.

ஈயம் ஒரு தனிமம். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அழியாது. தண்ணீரில் கரைத்துப் பார்த்து ஈயம் இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. உறுதி வேண்டுமென்றால் ஆய்வகம்தான். உடம்பில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தால் ஈயம் கூடுதலாக ஏறும், அதனால் சாப்பாட்டைக் கவனிங்க. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தாலோ சின்னக் குழந்தை இருந்தாலோ, ஈயம் பற்றிச் சந்தேகம் இருந்தாலோ, மருத்துவரிடம் கேளுங்க. ஈயத்துக்கென்றே செய்கிற ரத்தப் பரிசோதனையில் ஈய அளவு தெரிந்துவிடும்.

அடுத்த முறை கடையில் அந்த இரண்டு சாக்குக்கும் முன்னால் நிற்கும்போது, மங்கலாக, தோலோடு, மண் வாசனையோடு இருக்கிறதையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்க. மஞ்சள் இயல்பில் அப்படித்தான் இருக்கும். பளீர்னு இருக்கிறதெல்லாம் கலப்படம் இல்லை, மங்கலாக இருக்கிறதெல்லாம் சுத்தமும் இல்லை. ஆனால் நாம் பளபளப்பைக் கேட்பதை விட்டால், அதைப் பூசிக் கொடுக்க யாருக்கும் அவசியம் இருக்காது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.