வாயுவை அளந்து பார்க்கலாம்

(பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற ஆலய நலவாழ்வு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியன். இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு வயிற்று வாயு. தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சில பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரித்துவிட்டுக் கவனித்தால் போதும்.

நம் வீடுகளில் இந்த 'வாயு' படும் பாடு பெரும்பாடு. ஏப்பம் வந்தால் வாயு. வயிறு உப்பினால் வாயு. முதுகு பிடித்தால் வாயு. மார்பு அடைத்தாலும் வாயு. மலாய் அன்பர்கள் 'மாசோக் ஆங்கின்', அதாவது காற்று புகுந்துவிட்டது என்கிறார்கள். கிளினிக்குக்குப் போனாலும், "டாக்டர், எனக்கு கேஸ்ட்ரிக்" என்று நோயின் பெயரை நாமே சொல்லி, மருந்தையும் நாமே கேட்டு வாங்கி வருகிறோம். பெயர் சொல்லிவிட்டால் நோய் தெரிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி. ஆனால் வாயு என்பது நோயின் பெயரன்று. அஃது ஓர் அடையாளம். அந்த அடையாளத்தை இன்று அளந்து பார்க்க முடிகிறது. அளந்து பார்த்தால் உள்ளே இருப்பது என்ன என்று பல வேளைகளில் தெரிந்துவிடுகிறது. நான் சொல்ல வந்த செய்தி இதுதான்.

முதலில் இந்த வாயு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, உண்ணும்போதும் பேசும்போதும் நாம் விழுங்கும் காற்று. மற்றொரு பகுதி, பெருங்குடலில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருளும் சர்க்கரையும் பெருங்குடலை அடைந்ததும் அவை புளிக்கின்றன. தோசை மாவு புளித்துப் பொங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, ஏறத்தாழ அதே வேலைதான். நைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு, ஹைட்ரஜன், மீத்தேன் ஆகிய ஐந்துமே குடல் வாயுவில் 99 விழுக்காட்டுக்கு மேல். இவை ஐந்துக்கும் மணமே கிடையாது. மூக்கைப் பிடிக்க வைப்பவை எஞ்சிய ஒரு விழுக்காட்டுக்குள் இருக்கும் கந்தகச் சேர்மங்கள்.

இவற்றுள் ஹைட்ரஜனுக்கு ஒரு சிறப்பு உண்டு. மனித உடலின் செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. குடல் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு வந்து, மூச்சில் வெளியேறுகிறது. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் லெவிட் இதனை ஆராய்ந்து 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பயனைப் பாருங்கள்: குடலுக்குள் நடப்பதை, வயிற்றைத் தொடாமலே, வாயால் ஊதும் மூச்சிலிருந்து அறியலாம்!

பாலை எடுத்துக்கொள்வோம். பாலிலுள்ள லேக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். உலகின் பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு அது குறைந்துபோகிறது. காலையில் பசியாறும்போது ஒரு குவளை பால், மாலையில் தே தாரிக், பூசை முடிந்ததும் பாயசம் என்று அருந்திவிட்டு, "பருப்புதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பருப்பின் மேல் பழி போடுகிறவர்கள் நம்மில் உண்டு. இவர்களுக்கு லேக்டோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை ஊதச் சொல்லி அளக்கிறார்கள். முதலில் இருந்த அளவைவிட ஹைட்ரஜன் பத்து இலட்சத்தில் 20 பங்கு உயர்ந்தால், அந்தச் சர்க்கரை செரிக்கவில்லை என்று பொருள்.

பருப்பின் மேல் பழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதிலுள்ள ராபினோஸ் போன்ற சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பருப்பையும் கடலையையும் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் அச்சர்க்கரையில் ஒரு பகுதி நீங்கும். நம் பாட்டிமார் செய்ததும் அதுதானே!

சிலருடைய குடலில் ஹைட்ரஜனை உண்டு மீத்தேனாக மாற்றும் நுண்ணுயிர்கள் மிகுந்திருக்கும். மீத்தேன் குடலின் ஓட்டத்தை மெதுவாக்குகிறது. மலச்சிக்கலோடு அதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த அளவுகளை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வதில்லை. உடலின் குறிகளையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார்.

அன்பர்களே, இனி நம் சமூகத்தை நேராகத் தொடும் செய்திக்கு வருகிறேன். இரைப்பையில் கடுமையான அமிலம் இருப்பதால் அங்கே கிருமி வாழ முடியாது என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் அங்கே வாழும் ஒரு கிருமியைக் கண்டார்கள். உலகம் நம்ப மறுத்தது. 1984-ஆம் ஆண்டில் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 2005-ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணம் இதுவே. புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளுள் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதனை 1994-ஆம் ஆண்டில் அறிவித்தது.

இதில் மலேசியாவுக்கு ஒரு தனிக் கதை உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோ கியேன் லீயும் நுண்ணுயிரியல் அறிஞர் பராசக்தியும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் குறைவாகவும் சீனர்களிடமும் இந்தியர்களிடமும் மிகுதியாகவும் இருப்பதைக் காட்டியது. கிருமி பெரும்பாலும் சிறு வயதில், குடும்பத்துக்குள்ளேயே தொற்றுகிறது. ஆகவே கப்பலேறி வந்த முன்னோருடன் வந்து, வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். தோட்டத்து லயங்களில் நம்மவர் நெருங்கி வாழ்ந்த வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். இரைப்பைப் புற்றுநோய் இந்நாட்டில் சீனர்களிடமே அதிகம். அதற்காக நாம் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. கிருமி உள்ளவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனவே அச்சம் வேண்டாம்.

இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கவும் ஒரு வாயுதான் உதவுகிறது. கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவும் உண்டாக்குகிறது. எனவே அடையாளமிட்ட கரியணு உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். குடிக்கும் முன் ஒரு பையில் ஊத வேண்டும்; ஏறத்தாழ அரை மணி கழித்து மற்றொரு பையில் ஊத வேண்டும். இரண்டாவது மூச்சில் அந்த அடையாளக் கரியமில வாயு கூடியிருந்தால் கிருமி இருக்கிறது. குழாய் விட வேண்டியதில்லை; ஊசியும் இல்லை. கரியணு 13 கதிரியக்கம் அற்றது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ராசோல் போன்ற மாத்திரைகளை இரண்டு வாரமும், நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. நான்கு நாளில் வயிறு சுகமாகிவிட்டது என்று மீதியை அலமாரியில் வைக்கக் கூடாது. சிகிச்சை முடிந்து நான்கு வாரமாவது கழித்து, மீண்டும் ஊதிப் பார்த்து, கிருமி ஒழிந்ததை உறுதி செய்ய வேண்டும்.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. அளக்கக் காத்திருக்கக் கூடாத வேளையும் உண்டு. நம் அன்னதானச் சமையலில் பல ஆண்டுகள் தொண்டு செய்துவரும் ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை மார்பு அடைக்கிறது என்றார். ஓமத் தண்ணீர் வந்தது, தைலம் வந்தது. அவருடைய மகள் மட்டும், "வாயுவா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும், ஏறுங்கப்பா" என்று காரில் ஏற்றிச் சென்றார். இ.சி.ஜி. எடுத்தபோது மாரடைப்பு என்று தெரிந்தது. உரிய நேரத்தில் போனதால் பிழைத்தார். இன்றும் வந்து பூண்டு உரித்துக் கொடுக்கிறார். மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை வந்தால் 999-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு கடும் வலியில்லாமலும் வரும். நம் இனத்தில் நீரிழிவு எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதுபோலவே, காரணமின்றி எடை குறைதல், கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், இரத்தச் சோகை, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக வரும் வயிற்றுத் தொல்லை ஆகியவற்றுக்கு ஏப்பத்துக்கான மருந்து போதாது. இவர்களுக்கு ஊதிப் பார்ப்பதும் போதாது. உள்நோக்கிக் கருவியால் பார்க்க வேண்டியிருக்கும்.

அறிவியல் இதோடு நிற்கவில்லை. மூச்சுக்கு வந்து சேர்வது வாயுவின் ஒரு பகுதிதானே, குடலுக்குள்ளேயே அளந்தால் என்ன என்று மெல்பர்னில் உள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கலந்தர்-சாதே குழுவினர் எண்ணினார்கள். விழுங்கக்கூடிய ஒரு மாத்திரைக்குள் உணர்கருவிகளை வைத்து, அது செல்லும் வழியெல்லாம் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கரியமில வாயு ஆகியவற்றை அளந்து வெளியே செய்தி அனுப்பச் செய்து, மனிதர்களிடம் சோதித்து 2018-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். இது நம் வட்டாரக் கிளினிக்கில் கிடைக்கும் பரிசோதனை அன்று. ஆயினும் மருத்துவம் எந்தத் திசையில் போகிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்யச் சொல்கிறார். நாமோ ஆராயாமலே தைலத்தைத் தேடுகிறோம். வாரக் கணக்கில் வயிறு தொல்லை கொடுத்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சென்று, "டாக்டர், இஃது என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். 'எனக்கு கேஸ்ட்ரிக்' என்று தொடங்காதீர்கள்.

பின்வரிசைப் பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போய் உங்கள் தாத்தா பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். ஆசிரியர் கொடுக்கும் வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமர்கிறேன்.