ஏட்டில் ஏறும் நாணயம்



இலக்கியம் பேச வல்ல பெரியோர் பலர் வீற்றிருக்கும் இவ்விழாவில், இரயில்வேயில் கணக்கெழுதும் என்னையும் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். நான் அறிந்தது வரவும் கடனுமே. அதைப் பற்றியே சில சொற்கள் கூறுவேன்.

'நாணயம்' என்னும் சொல் நம் மொழியில் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். கடன் சங்கத்திற்கும் நம் முன்னோர் 'ஐக்கிய நாணய சங்கம்' என்றே பெயரிட்டனர். கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் அத்தகைய சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. இங்கே கல்கத்தாவிலோ, சம்பள நாளன்று ஆலை வாயிலில் காபூலிவாலா தடியூன்றிக் காத்திருந்த காலமும் உண்டு. அவ்வாறு வழிமறித்து வசூலிப்பதை 1934-ஆம் ஆண்டின் வங்காளத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கிற்று. இரயில்வே ஊழியர்க்குக் கைகொடுத்தவை கூட்டுறவுச் சங்கங்களே. சக ஊழியர் ஜாமீன் நிற்பார். சம்பளத்தில் தவணை பிடிக்கப்படும். அந்தப் பழக்கத்தில்தான் நம்மவர் இன்றும் கேட்டவர்க்கெல்லாம் கையெழுத்திடுகின்றனர்.

இன்று நம் நாணயத்தை அளப்பவர் வேறு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் கடன் வரலாற்றைத் திரட்டி, 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன. வங்கியல்லாத ஊழியர் சங்கங்களின் கணக்கு பொதுவாக அங்கே செல்வதில்லை. ஆகவே சங்கத் தவணையை இருபது ஆண்டு பிசகாமல் செலுத்தியவரும் வங்கிக்கு முன்பின் அறியாதவரே. விந்தைதான்!

நம் காலனி அன்பர் ஒருவர் மகளின் படிப்புக்குக் கடன் கேட்டார். தம் கடன் எதிலும் அவர் தவணை தவறியவரல்லர். ஆயினும் விண்ணப்பம் திரும்பிவிட்டது. நண்பரின் வண்டிக் கடனுக்கு அவர் ஜாமீன் நின்றிருந்தார். நண்பரோ மாற்றலாகிச் சென்றபின் தவணையை நிறுத்திவிட்டார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, கடனாளியின் பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. மகளின் முதற் பருவக் கட்டணம் தாயாரின் வளையல்களை அடகு வைத்தே செலுத்தப்பட்டது.

பாதித் தொகையில் முடித்துக்கொள்ளலாம் என்று கடன் கொடுத்தவர் கூறினர். அன்பர் இசையவில்லை. அவ்வாறு முடித்தால் ஏட்டில் 'செட்டில்டு' என்றே பதிவாகும். அது 'குளோஸ்டு' ஆகாது. அடுத்து வரும் வங்கி அதனைக் குறையாகவே கொள்ளும். முழுவதும் செலுத்தி, நிலுவையின்மைச் சான்று பெற்றார்.

அறிக்கையைப் பார்த்தபோது மற்றொன்றும் வெளிப்பட்டது. என்றோ முடித்த கிரெடிட் கார்டு கணக்கு நிலுவையோடு நின்றது! அது வெறும் பிழை. எழுதிக் கேட்டார், திருத்தினர். புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கும் நியாயம் கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்; கட்டணம் இல்லை. 'மதிப்பெண்ணை உயர்த்தித் தருகிறோம்' என்று பணம் கேட்போரிடம் செல்லாதீர்கள். உண்மையான பதிவை எவராலும் அழிக்க இயலாது.

வரலாறே இல்லாதவர், வைப்புத் தொகையின் ஈட்டில் கார்டு ஒன்று பெற்று, மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுத் தொகையையும் கெடுவுக்குள் செலுத்தி வரலாம். 'குறைந்தபட்சத் தொகை' என்று அச்சிட்டிருப்பதைச் செலுத்தினால் போதுமென எண்ணாதீர்கள். மிச்சத்தின்மேல் ஏறும் வட்டி காபூலிவாலாவையே நினைவூட்டும். இதனைத் தாய்மார்களுக்குச் சிறப்பாகக் கூறுகின்றேன். வீட்டுக் கடன் யாவும் கணவர் பெயரில் இருப்பின், அவருக்குப்பின் உங்கள் பெயரில் ஏடே இராது.

ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் விதி. எடுக்க அறியாதவர்கள் ஞாயிறு காலை சங்க நூலகத்திற்கு வருக. பான் அட்டையும் கைபேசியும் கொண்டுவருக. வரும் ஓடிபி எண்ணை என்னிடமும் சொல்ல வேண்டா, நீங்களே அழுத்துங்கள்.